‘இங்கே ஒன்றும் இல்லை’: எட்டு ஆண்டுகளாகக் கைபேசி வழியே காட்டுக்கு வேலை செய்த அனுபவம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அக்கா குடும்பம் மேலே ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருந்ததால், விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சாலையில் போய்வந்துகொண்டிருக்கிறேன். ஆனால் அந்த மலைக்காக நான் செய்த முதல் வேலை கீழே, பொள்ளாச்சியில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. 2017 பொங்கல் விடுமுறை. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று ஒன்று 2015 முதல் நடக்கிறது, குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி, இபேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்றினால் போதும் என்று உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னார். ஏற்றினேன்.

அன்று நான் எழுதியவை மூன்றே பறவைகள். பச்சைக்கிளி, குக்குறுவான், ஒரு வல்லூறு. காகத்தையும் மைனாவையும் எழுதவில்லை. தினமும் பார்ப்பதை எதற்கு எழுதுவது என்று நினைத்தேன். கடைசியில் செயலி ஒரு கேள்வி கேட்டது: உங்களால் இனம்காண முடிந்த எல்லாப் பறவைகளையும் இதில் சேர்த்துவிட்டீர்களா? யோசிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டேன். நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று புரிய ஓராண்டு ஆனது.

அந்த ஒரு ‘ஆம்’தான் இந்தச் செயலியின் உயிர்நாடி. முழுப் பட்டியல் என்று நாம் சொல்லிவிட்டால், பட்டியலில் இல்லாத ஒவ்வொரு பறவையும் ‘அந்த நேரத்தில், அந்த இடத்தில், இவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டவில்லை’ என்று பதிவாகிறது. பொள்ளாச்சியில் நூறு பேர் முழுப் பட்டியல் தந்து, அதில் எண்பதில் மைனா இருந்தால், மைனா எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று கணக்கிடலாம். பத்து ஆண்டு கழித்து அது எண்பதிலிருந்து ஐம்பதானால் ஏதோ நடக்கிறது என்று தெரியும். காகத்தை விட்டுவிட்டு ‘ஆம்’ சொன்ன என் பட்டியல், பொள்ளாச்சியில் காகமே இல்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. பழைய பட்டியல்களைத் திறந்து, சந்தேகமானவற்றை எல்லாம் ‘முழுமையானதல்ல’ என்று மாற்றினேன். இதைப் படித்துவிட்டுத் தொடங்குபவர்கள் முதல் நாளே இதைச் சரியாகச் செய்துவிடுங்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையின் 2023 பதிப்பை. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் இபேர்டில் ஏற்றிய 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 பறவை இனங்களை மதிப்பிட்டிருக்கிறார்கள். 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்கிறது அது. குயிலும் மயிலும் பெருகியிருக்கின்றன. நம் ஊர் மின்கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருப்பதால், உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் நிலையை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் போகாதவர்கள் வயலோரத்திலும் மாடியிலும் நின்று எழுதிய பட்டியல்கள்தான் இதைக் கண்டுபிடித்தன.

மலையில் பயன்படுத்தும்போது ஒரு வசதி. முன்கூட்டியே அந்தப் பகுதிக்கான பறவைப் பட்டியல் தொகுப்பைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் செயலி வேலை செய்கிறது. ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. கீழே வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம். நடந்துகொண்டே தடம் பதிவு செய்தால் பேட்டரி வேகமாகக் கரையும், பவர் பேங்க் இல்லாமல் நான் போவதில்லை. ஒருமுறை வால்பாறையில் பெரிய இருவாச்சி 4 என்று அடிப்பதற்குப் பதில் 40 என்று அடித்துவிட்டேன். இரண்டே நாளில் தன்னார்வலராகச் சரிபார்க்கும் ஒருவர், ‘இந்த எண்ணிக்கையை ஒருமுறை பார்க்க முடியுமா?’ என்று பணிவாக மின்னஞ்சல் அனுப்பினார். ஊதியம் இல்லாமல் இதைச் செய்கிறார்கள் என்று அறிந்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது.

நான் பயன்படுத்தும் இன்னொரு செயலியான ஐநேச்சுரலிஸ்ட் வேறு மாதிரி. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2008இல் மாணவர்களின் முதுநிலைத் திட்டமாகத் தொடங்கியது. அங்கே பட்டியல் கிடையாது. ஒரு படம், ஓர் உயிர், ஒரு பதிவு. செடி, பூச்சி, தவளை, காளான், எதுவானாலும் போடலாம். படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனப் பெயரில் உடன்பட்டால் அது ஆய்வுத் தரப் பதிவாகிறது. அதற்குமேல் கோப்பன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிபிஐஎஃப் தரவுக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேரும். உலகின் எந்த மூலையில் இருக்கும் ஆய்வாளரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

மழைக்காட்டு மரங்களைப் படமெடுக்கக் கற்றுக்கொண்டதே எனக்குத் தனிப் பயிற்சி. ஓர் இலையை மட்டும் எடுத்துப் போட்டால் யாராலும் பெயர் சொல்ல முடியாது. இலையின் மேல்புறம், அடிப்புறம், இலைகள் காம்பில் அமைந்திருக்கும் விதம், பட்டை, கீழே விழுந்து கிடக்கும் காய், இவ்வளவும் வேண்டும். வெடிபலாவை அப்படித்தான் அடையாளம் கண்டேன். முள்முள்ளாகக் காய்க்கும் அந்த மரம்தான் ஆனைமலையின் சோலைமந்திகளுக்கு முக்கியமான உணவு. தோட்டத்தில் நட்டு வளர்த்த செடி என்றால் அதைக் குறிப்பிட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியில் வைத்த செடி காட்டுச் செடியாகக் கணக்கில் ஏறிவிடும். படம் போடாதவர்களும் இங்கே உதவலாம். பெயர் தெரியாமல் காத்திருக்கும் படங்கள் ஏராளம், அதிலும் பூச்சிகள். நம் ஊர்க் களைச்செடிகளையும் வேலிச் செடிகளையும் கிராமத்துப் பெரியவர்களைப் போல அறிந்தவர்கள் யார்? என் மாமியாருக்குக் கைபேசியில் படத்தைக் காட்டி, அவர் சொல்லும் தமிழ்ப் பெயரை வைத்து அறிவியல் பெயரைத் தேடி, நானே நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பெயர் சொல்லியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அருகிவரும் உயிர்களின் துல்லியமான இடத்தை இந்தத் தளம் தானாகவே மறைத்துவிடுகிறது. இபேர்டிலும் வேட்டை அபாயமுள்ள சில இனங்களுக்கு அப்படித்தான். ஆனால் நாம் சமூக ஊடகத்தில் போடும் படத்துக்கு அந்தக் காவல் கிடையாது. கூடு, தேவாங்கு, நட்சத்திர ஆமை, ஆர்க்கிட் எதுவானாலும் எந்த வளைவு, எந்த மரம் என்று எழுதாதீர்கள். ‘வால்பாறை’ என்றுகூட நான் எழுதுவதில்லை.

மழைக்காலத்தில் வெளியே போக முடியாத மாலைகளில் ஆய்வாளர்களின் படங்களைப் பொதுமக்கள் பார்த்து வகைப்படுத்தித் தரும் ஜூனிவர்ஸ் தளத்தில் உட்கார்ந்தேன். அங்கேதான் தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்கா என் வீட்டுக்குள் வந்தது. 1,125 சதுர கிலோமீட்டரில் வைத்த 225 தானியங்கிக் கேமராக்கள் எடுத்த படங்கள் 2012 டிசம்பரில் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டன. ஒவ்வொரு படத்திலும் எந்த விலங்கு, எத்தனை, என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். கொம்பின் வடிவத்தை வைத்தும் உடலின் கோடுகளை வைத்தும் சல்லடை போட்டுத் தேடும் வசதி இருந்ததால், வில்டிபீஸ்ட்டையும் விலாவில் கறுப்புப் பட்டை உள்ள தாம்சன் கெசலையும் ஒரே வாரத்தில் பிரித்தறியக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் நான் அதிகம் அழுத்தியது ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்ற பொத்தானைத்தான். காற்றில் புல் அசைந்தாலே கேமரா படமெடுத்துவிடும். அந்தத் திட்டத்தின் முதல் மூன்று ஆண்டுத் தொகுப்பில் சுமார் 12 லட்சம் படத்தொடர்கள் இருந்தன. விலங்கு இருந்தவை 3,22,653 மட்டுமே. மற்றதெல்லாம் வெறும் புல்லும் வெயிலும். முதலில் பார்க்கும் ஐந்து பேரும் ‘ஒன்றும் இல்லை’ என்றால் அந்தப் படம் வரிசையிலிருந்து நீங்கிவிடும். முதல் வாரம் சலிப்பாக இருந்தது. பிறகு, நான் நீக்கும் ஒவ்வொரு வெற்றுப் படமும் ஓர் ஆய்வாளரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து சொன்ன பதில்களை நிபுணர்களின் பதில்களோடு ஒப்பிட்டபோது இனம்காண்பதில் சுமார் 97 விழுக்காடு சரியாக இருந்திருக்கிறது. அந்தப் பதில்களை வைத்தே பின்னர் கணினிக்கும் விலங்குகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள். 2018இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

எக்கோசியா தேடுபொறியை அலுவலகக் கணினியில் ஐந்து ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். 2009இல் தொடங்கிய பெர்லின் நிறுவனம். விளம்பர வருமானத்திலிருந்து மரம் நடப் பணம் தருகிறது, மாதந்தோறும் வரவு செலவை வெளியிடுகிறது. விளம்பரத் தடுப்பான் போட்டிருந்தால் பயனில்லை. இதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

பணம் கொடுப்பதில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டேன். மழைக்காட்டைச் சதுர அடிக் கணக்கில் ‘வாங்கி’க் காப்பாற்றுவதாகச் சொன்ன ஒரு தளத்துக்குப் பணம் அனுப்பினேன். அழகான சான்றிதழ் வந்தது. எந்தக் காடு, யார் பெயரில், அங்கே வாழும் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. அதன்பிறகு ஆண்டறிக்கையைப் படிக்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை. மூன்று ஆண்டுகளாக என் பணம் அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய இருவாச்சிக் கூடு தத்தெடுப்புத் திட்டத்துக்குப் போகிறது. ஒரு காலத்தில் இருவாச்சியை வேட்டையாடிய நிஷி மக்களே அங்கே கூடு காவலர்கள். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ள, சிறு பிளவு வழியே ஆண் பழம் ஊட்டும். ஆணைச் சுட்டால் உள்ளே இருப்பவையும் தப்புவது கடினம். அந்த மரத்தடியில் நிற்கும் மனிதருக்குச் சம்பளம் போகிறது என்பது எனக்குச் சதுர அடிச் சான்றிதழைவிடப் பெரிது. வால்பாறையிலேயே காட்டுயிர் ஆய்வாளர்களான திவ்யா முடப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் வழியாக, தோட்டங்களுக்கு நடுவே சிதைந்து கிடக்கும் காட்டுத் துண்டுகளில் இந்த மண்ணுக்குரிய மரங்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நட்டு வருகிறார்கள். இணையம் வழியே அவர்களுக்கும் உதவலாம்.

பகிராமல் இருப்பதும் ஓர் உதவி என்று புரிந்தது எங்கள் குடும்பக் குழுவில். கையை மேலே தூக்கிக்கொண்டு, கிச்சுகிச்சு மூட்டச் சொல்லிக் கேட்பது போல் இருக்கும் தேவாங்கு வீடியோ ஒன்றைச் சித்தப்பா அனுப்பியிருந்தார். தென்கிழக்காசியாவின் இரவுத் தேவாங்கு அது. உடனே அழைத்தேன்.

“சித்தப்பா, அது சந்தோஷத்துல கையைத் தூக்கல. கையில விஷச் சுரப்பி இருக்கு, பயந்து போய் தற்காப்புக்குத் தூக்குது.”

“அப்படியாம்மா? குழந்தைங்க சிரிக்குதேன்னு அனுப்பினேன்.”

“பார்க்கிறவங்க ‘எனக்கும் ஒண்ணு வேணும்’னு கேட்கிறதாலதான், காட்டுல பிடிச்சு விக்கிறாங்க.”

அவரே நீக்கிவிட்டார். 2007 முதல் அந்த விலங்கின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை இருக்கிறது. நம் தேவாங்குக்கு 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயமே அறிவித்திருக்கிறார்கள். நட்சத்திர ஆமையோ பச்சைக்கிளியோ விற்பனைக்கு என்று விளம்பரம் கண்டால் திட்டிக் கருத்து எழுதாதீர்கள், அது விளம்பரத்தை இன்னும் பலருக்குக் காட்டும். ஸ்கிரீன்ஷாட், இணைப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டு தளத்தில் புகார் அளித்து, வனத்துறைக்கும் அனுப்புங்கள்.

இந்தப் பொங்கலுக்கும் அதே மொட்டைமாடி. இப்போது மகளும் கூட நிற்கிறாள். காகம் எண்ணுவது அவள் பொறுப்பு. எதிர்வீட்டு மின்கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பனங்காடை வரலையே. போன வருஷம் இங்கதான உட்கார்ந்துச்சு, போட்டுக்கலாமா?”

வேண்டாம் என்றேன். பதினைந்து நிமிடம் முடிந்தபோது காகம் 14, மைனா 6, கரிச்சான் 2, பச்சைக்கிளி 5, செம்மீசைச் சின்னான் 3. கடைசிக் கேள்விக்கு அவள்தான் ‘ஆம்’ அழுத்தினாள்.