இரண்டு நாள் ஹாசப் பயிற்சி: இரண்டாம் நாளுக்காகவே போகலாம்

உணவில் நேரக்கூடிய ஆபத்துகளை முன்கூட்டியே கண்டறிந்து தடுக்கும் முறையான ஹாசப் (HACCP) பற்றி, உணவுப் பாதுகாப்பு உள்தணிக்கையாளர்களுக்காகக் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி நிறுவனம் நடத்திய இரண்டு நாள் வகுப்புக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். பால் பதப்படுத்தும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். தணிக்கைக்கு வருபவர் வேலிடேஷனுக்கு (ஒரு முறை உண்மையில் பலன் தரும் என்பதை நிறுவுவது) சான்று கேட்கும்போதெல்லாம் நாங்கள் வெரிஃபிகேஷன் (அந்த முறை சரியாகப் பின்பற்றப்படுகிறதா என்று பார்ப்பது) பதிவேட்டையே எடுத்துக் கொடுத்துவந்தோம். அந்தக் குழப்பம் தீர வேண்டும் என்பதே நான் சேர்ந்ததன் நோக்கம்.

முதல் நாள் ஏமாற்றம்தான். உணவுப் பாதுகாப்பு மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 22000 சர்வதேசத் தரநிலையின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பைத் திரையில் வரிவரியாகப் படித்துக் காட்டினார்கள். வெப்பமானியை அளவுத்திருத்தம் செய்வதே வேலிடேஷன் என்று அவர்கள் தயாரித்த ஸ்லைடு ஒன்றில் தவறாக எழுதியிருந்தது. இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளவே பணம் கட்டி வந்தவர்களுக்கு இது சிறிய பிழையல்ல.

இரண்டாம் நாள் வந்த பயிற்றுநர், பாலைச் சூடாக்கிக் கிருமிகளை அழிக்கும் இயந்திரமான பாஸ்டரைசரை எடுத்துக்கொண்டார். பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்திருக்கிறோம் என்று எல்லோரும் சொன்னோம். வெப்பநிலையை இயந்திரம் பதிவு செய்யும் வரைபடம் காட்டுகிறது, அந்த 15 விநாடியை எது காட்டுகிறது என்று அவர் கேட்டபோது எங்களில் யாரிடமும் பதில் இல்லை. சூடான பால் கடந்து செல்லும் குழாயான ஹோல்டிங் டியூபின் நீளமும் பால் ஓடும் வேகமும் சேர்ந்துதான் அந்த நேரத்தை முடிவு செய்கின்றன. குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, தொடக்கத்தில் உப்புக் கரைசலைச் செலுத்தி, மின்கடத்துதிறன் மாறும் கணத்தை இரு முனைகளிலும் குறித்துக்கொண்டு நேரத்தை அளக்கும் முறையை அவர் படிப்படியாக விளக்கினார். நம் இயந்திரம் உண்மையிலேயே கிருமிகளை அழிக்க வல்லதா என்பதற்கான இந்தச் சான்றுதான் வேலிடேஷன். அன்றாடம் வரைபடத்தைச் சரிபார்ப்பதும், பால் போதுமான அளவு சூடாகியிருக்கிறதா என்று காட்டும் பாஸ்படேஸ் சோதனையில் மஞ்சள் நிறம் தோன்றவில்லை என்று உறுதி செய்வதும், அப்படி நிறுவப்பட்ட முறை இன்றும் பிசகாமல் நடக்கிறதா என்று பார்க்கும் வெரிஃபிகேஷன். பம்பை மாற்றி ஓட்டத்தின் வேகம் கூடிவிட்டால், வரைபடம் 72 டிகிரியைக் காட்டிக்கொண்டிருந்தாலும் பழைய சான்று செல்லாது.

ஊர் திரும்பியதும் எங்கள் பதிவேடுகளைப் புரட்டினேன். பம்பு மாற்றிய தேதி இருந்தது. அதற்குப் பிறகு நேரத்தை அளந்ததற்கான குறிப்பு இல்லை. அந்த வாரமே அளக்க ஏற்பாடு செய்தோம்.

கையேடு தமிழில் இல்லாதது பெரிய குறை. இயந்திரத்தை இயக்குபவர்களிடம் அதை அப்படியே கொடுக்க முடியவில்லை. கட்டணத்துக்கு இரண்டாம் நாள் ஈடுகட்டிவிடுகிறது. ஆலையிலிருந்து இருவரை அனுப்ப முடிந்தால், தரக்கட்டுப்பாட்டிலிருந்து ஒருவரையும் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவரையும் அனுப்புங்கள், ஏனென்றால் பம்பை மாற்றுபவர் அவர்தான்.