நம்பர் சொல்லுங்க சார்

ஐந்து வருடம் கழித்து டொரோண்டோவிலிருந்து சென்னை வந்தேன். அம்மாவுக்கு 76 வயது, முட்டி வலி. தி.நகர் நெரிசலில் அவரை நடக்க வைக்க மனமில்லை. அதனால் ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்குக் கூட்டிப் போனேன்.

2010இல் திறந்த மால் அது. அதற்கு முன் அந்த இடம் எக்ஸ்பிரஸ் எஸ்டேட். பஸ்ஸில் மவுண்ட் ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் அப்பா கை நீட்டி, "அங்கேதான் நம்ம தினமணி ஆபீஸ்" என்பார். அம்மா உள்ளே நுழைந்ததும் முதலில் சொன்னது அதைத்தான்.

கேட்டதும் வீல்சேர் கொடுத்தார்கள். லிஃப்டில் ஏறி இறங்குவதில் சிரமமே இல்லை. கழிப்பறையில் வேலை செய்த பெண் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், வெளியே வரும்வரை நின்றார். சொந்த ஊர் செய்யூராம். அம்மா அவரிடம் பேசிக்கொண்டே இருந்தார், எனக்குத்தான் கிளம்பவே மனம் வரவில்லை.

சிக்கல் ஒரு துணிக்கடையில் பில் போடும்போது வந்தது. "நம்பர் சொல்லுங்க சார்" என்றது பில் போட்ட பெண். என்னிடம் இருப்பது கனடா நம்பர். இந்திய நம்பர் இல்லை என்றேன். பத்து இலக்க இந்திய நம்பர் போடாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். மேலாளரும் "சிஸ்டம் அப்படித்தான் சார்" என்றார். கடைசியில் அம்மாவே தன் நம்பரைச் சொல்லிவிட்டார். என் பொருளை என் காசில் வாங்க அம்மாவின் நம்பர் எதற்கு? அன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

வாடிக்கையாளரின் மொபைல் நம்பரைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023லேயே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அடுத்த கடையில் இதை அமைதியாகச் சொன்னேன். அங்கிருந்த பையன் ஒரு நொடி யோசித்தான். அப்புறம் கடையின் நம்பரையே போட்டு பில்லை நீட்டினான். ஆக, மனம் இருந்தால் முடிகிறது. பொருளை மாற்ற வேண்டுமானால் காகித பில் தேவைப்படும், அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

காபி குடித்த இடத்தில் என் வெளிநாட்டு கார்டு வேலை செய்யவில்லை. கையில் ரொக்கம் இருந்ததால் தப்பித்தேன். என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான இந்திய வங்கிக் கணக்கு) வைத்திருப்பவர்கள் கனடா, சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள 2023இல் வழி செய்துவிட்டார்கள். உங்கள் வங்கி தருகிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள், ஊருக்கு வந்து அலைய நேரம் இருக்காது. கடைகளில் பொருளைப் போட்டுத் தரும் பைக்கும் தனியாகக் காசு கேட்கிறார்கள். அம்மா கைப்பையிலிருந்து மஞ்சப்பையை எடுத்து நீட்டினார், அது சரியாகப் போயிற்று.

நான் டொரோண்டோ திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அந்தத் துணிக்கடையிலிருந்து தள்ளுபடி மெசேஜ் தினமும் அம்மாவின் போனுக்கு வருகிறது. பேங்க் மெசேஜோ என்று நினைத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு ஒவ்வொன்றையும் முழுசாகப் படிக்கிறார். நேற்றும் போனில் கேட்டார்: "இதுக்கு நான் ஏதாவது பதில் அனுப்பணுமாப்பா?"