படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விடலாமா?

போன கிழமை ஆரையம்பதியிலிருந்து மச்சான் ஒருவர் கோல் எடுத்தார். அவருக்கு இந்தப் பக்கம், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு, மாற்றம் வருகிறதாம், இரண்டு பிள்ளைகள். "உங்கட ஊர்ப் பள்ளிக்கூடம் எப்பிடி மச்சான், எத்தனை வீதம் பாஸ்?" என்று கேட்டார். ஒரு இலக்கத்தைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் அந்த இலக்கத்தை நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது என்பதால் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தின் பெயர் போடவில்லை. கொக்கட்டிச்சோலையைத் தாண்டி உள்ளே போனால் இந்த அளவில் பல பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, கதையும் பெரிதாக மாறாது.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. எங்கள் மாவட்டத்து வழக்கப்படி கலியாணம் கட்டி மனைவியின் ஊருக்கு வந்தவன், வீடு அவளுடைய சீதனம். மூத்தவள் முதலாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை இங்கேதான் படித்தாள், சின்னவன் இப்போது ஐந்தாம் தரம். அதனால் பத்து வருடத்துக்கு மேல் பார்த்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

இது 1சி பள்ளிக்கூடம். உயர்தரம் இருக்கிறது, ஆனால் கலையும் வர்த்தகமும் மட்டும்தான். விஞ்ஞானமோ கணிதமோ படிக்க வேண்டுமென்றால் 1ஏபி பள்ளிக்கூடம் தேடிப் போக வேண்டும். மாகாணப் பாடசாலை, அதனால் தேசிய பாடசாலைகளுக்கு நேராக மத்திய அமைச்சு இருப்பது போல நமக்கு இல்லை, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறிப் போக வேண்டும்.

சரி, வீதத்துக்கு வருவோம். என் மகளோடு சாதாரண தரம், அதாவது பதினோராம் தரப் பரீட்சை, எழுதியவர்கள் 21 பேர். ஒரு பிள்ளை கணிதத்தில் வழுக்கினால் பள்ளிக்கூடத்துக்கே கிட்டத்தட்ட 5 வீதம் போய்விடும். ஒரு வருடம் பெறுபேறு வந்ததும் வீதியில் பனர் கட்டுகிறார்கள், அடுத்த வருடம் அதே அதிபர், அதே ஆசிரியர்கள், ஆனால் பெற்றோர் கூட்டத்தில் ஏச்சு. இருநூறு பேர் எழுதும் நகரத்துப் பள்ளிக்கூடத்தின் வீதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமே இல்லை. மச்சானுக்கும் இதைத்தான் சொன்னேன்: எத்தனை பேர் பாஸ் என்று கேட்காதீங்க, ஆறாம் தரத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் பரீட்சை மண்டபம் வரை போனார்கள் என்று கேளுங்க. மகளின் வகுப்பு ஆறாம் தரத்தில் தொடங்கியபோது 34 பேர். மிச்சம் 13 பேர் எங்கே? சிலர் இடையில் நின்றுவிட்டார்கள், ஆனால் பாதிக்கு மேல் வாவிப் பாலம் கடந்து வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போனவர்கள்.

இந்தப் பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்தத் துறையில் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பாலம் வந்தால் நமது பள்ளிக்கூடத்துக்கு நல்ல ஆசிரியர்கள் வருவார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். வந்தார்கள்தான். காலையில் மோட்டார் சைக்கிளில் வருவார்கள், ஒன்றரைக்கு மணி அடித்தால் திரும்பிவிடுவார்கள், முன்பு ஊரில் தங்கி இரவு வகுப்பு எடுத்த ஆட்கள் போல இப்போது யாரும் இல்லை. குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அதே பாலத்தால்தான் கொஞ்சம் வசதி உள்ள பெற்றோர் பிள்ளையை வேனில் ஏற்றி வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளும் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். ஐந்து வருடம் எழுத்தறிவித்து வளர்த்துக் கொடுப்பது இந்தப் பள்ளிக்கூடம், பனரில் படம் போடுவது வேறு பள்ளிக்கூடம். எனக்கு இதில் உண்மையாகவே வயிற்றெரிச்சல் உண்டு.

அப்போ மிஞ்சுவது யார்? வெள்ளாமைக் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், மாட்டுப்பட்டி பார்க்கிறவர்களின் பிள்ளைகள், வாவியில் வலை போடுகிறவர்களின் பிள்ளைகள். அப்புறம் தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய், அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள், ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேராவது. பெற்றோர் கூட்டம் என்று பெயர்தான், பாதிக் கதிரையில் அம்மம்மாக்கள். ஒருமுறை பக்கத்தில் இருந்த ஒரு அம்மா புள்ளி அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எனக்கு எழுத வாசிக்கத் தெரியா மனே, சிவப்பு இருக்கா எண்டு மட்டும் பார்த்துச் சொல்லு" என்றார். நாலு பாடத்தில் சிவப்பு இருந்தது. இரண்டு என்றேன். சரியா பிழையா தெரியவில்லை.

சமயம், இனம் என்று பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாரும் சைவத் தமிழ்ப் பிள்ளைகள். கிறிஸ்தவப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள், அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் கிடையாது, சைவநெறி நடக்கும் நேரம் மரத்தடியில் தாங்களே படித்து எழுதினார்கள். மாவட்டத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் முஸ்லிம், ஆனால் இங்கே ஒரு முஸ்லிம் பிள்ளை இல்லை. காத்தான்குடியிலிருந்து வரும் விஞ்ஞான டீச்சர்தான் எங்கள் பிள்ளைகள் தினமும் பழகும் ஒரே முஸ்லிம் ஆள். மகள் இன்றைக்கும் எந்தச் சந்தேகத்துக்கும் அவவுக்குத்தான் கோல் எடுப்பாள்.

வரவுப் பதிவேட்டைப் பார்த்தால் ஊரின் நாட்காட்டி தெரியும். பெரும்போக வெள்ளாமை வெட்டுக் காலத்தில் பெரிய பொடியன்கள் காணாமல் போவார்கள். 2022, 2023 இரண்டு வருடமும் சாதாரண தரப் பரீட்சை வைகாசியில் வந்தது, கண்ணகி அம்மன் சடங்குக் காலம். பறையும் ஒலிபெருக்கியும் ஒரு பக்கம், வரலாற்றுப் பாடம் மறு பக்கம், எது வென்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பின்னேர வகுப்பு வைத்தாலும் யானைப் பயத்தில் இருட்ட முன் பிள்ளைகளை அனுப்ப வேண்டும்.

இதெல்லாம் சொல்லிப் பள்ளிக்கூடத்தை முழுதாகக் காப்பாற்றவும் மாட்டேன். மகள் பத்தாம் தரத்தில் இருக்கும்போது கணித சேர் மாற்றம் பெற்றுப் போனார், இரண்டு தவணைக்கு ஆள் வரவில்லை. அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் கைப்பந்து அடித்தார்கள். அபிவிருத்திச் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து கடிதத்தோடு மேலிடத்துக்குப் போனோம், "பட்டியலில் இருக்கிறீங்க" என்றார்கள், எந்தப் பட்டியல் என்று இன்றுவரை தெரியாது. உயர்தரத்துக்குப் போக ஆறு பாடத்தில் சித்தி வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம், மூன்று பாடத்தில் சி எடுக்க வேண்டும். கணிதத்துக்கு ஆளில்லாமல் இரண்டு தவணை விடுவதென்றால் ஒரு வகுப்பின் கதவையே சாத்துவது மாதிரி. கடைசியில் நான் மகளைச் சனிக்கிழமைகளில் ஆரையம்பதிக்கு டியூஷனுக்கு ஏற்றி இறக்கினேன். அவளுக்கு 2025 மார்ச்சில் எழுதிய பரீட்சையில் கணிதம் பி. அது பள்ளிக்கூடத்தின் வீதத்தில் சேரும், என் பெட்ரோல் காசு எந்த வீதத்திலும் சேராது. டியூஷனுக்கு வழியில்லாத அவளுடைய கூட்டாளிப் பிள்ளைக்கு டபிள்யூ, அதாவது பெயில். இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள்.

பல்கலைக்கழகக் கோட்டா இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு, அதில் மட்டக்களப்பும் அம்பாறையும் உண்டு. ஆனால் மாவட்டக் கணக்கில் நகரத்துப் பிள்ளையும் எங்கள் ஊர்ப் பிள்ளையும் ஒரே வரிசைதான். போதாததற்குக் கலைப்பிரிவுக்கு இந்த மாவட்டக் கணக்கும் இல்லை, அகில இலங்கைத் தரவரிசைதான், எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் படிப்பதோ கலை.

நல்லது என்ன? ஆரம்பப் பிரிவு. சின்ன வகுப்பு, டீச்சருக்குப் பிள்ளையின் பெயர் மட்டுமல்ல, காலையில் சாப்பிட்டு வந்ததா என்பதும் தெரியும். மூன்றாம் தரத்தில் என் மகன் தட்டுத்தடுமாறாமல் வாசித்தான். விளையாட்டுப் போட்டி, தமிழ்த்தினம் எதுவானாலும் ஆள் குறைவு என்பதால் எல்லாப் பிள்ளையும் மேடை ஏறும். ஐந்தாம் தரம் வரை யோசிக்காமல் சேர்க்கலாம் மச்சான். ஆறுக்கு மேலே சேர்ப்பதென்றால் முதலில் அதிபரிடம் போய்க் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இப்போது ஆள் இருக்கிறதா, அவர்களுக்கு மாற்றம் எப்போது என்று நேரே கேளுங்க.

மகள் இப்போது நகரத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கி உயிரியல் படிக்கிறாள். சின்னவன் ஆறாம் தரத்துக்கும் இங்கேயே நிற்கப் போவதாகச் சொல்கிறான். காரணம் கேட்டேன், கைப்பந்து அணியில் இடம் தருவதாகப் பெரிய அண்ணாமார் சொல்லியிருக்கிறார்களாம்.