‘புள்ளி சேருங்கள், அரிய பீர் உங்களுக்குத்தான்’ என்று சொல்லும் கடையில் முன்பணம் கட்டாதீர்கள்

சிகாகோ புறநகர்களில் பீரை ரசித்துக் குடிக்கிற நம்மவர்கள், குறிப்பாக இந்த ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், அடுத்த நவம்பருக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். மேற்குப் புறநகரில் உள்ள ஒரு மதுக்கடை, தொடர்ந்து வாங்குகிறவர்களுக்கே அரிய பீர் என்று சொல்லி ஆண்டு முழுவதும் என்னைப் புள்ளி சேர்க்க வைத்தது. முன்பணம் வாங்கியது. சொன்ன நாளில் கையை விரித்தது. போதாக்குறைக்கு, விற்காமல் கிடந்த பழைய பீரையும் என் தலையில் கட்டியது. புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை முடியும்வரை கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பெயர் இல்லாவிட்டாலும் இந்தப் பதிவு உதவும். இதே பேச்சை வேறு கடைகளிலும் என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

ஆசை காட்டப்பட்டது கூஸ் ஐலண்ட் ஆலையின் போர்பன் கவுன்ட்டி ஸ்டவுட். 1988-இல் ஜான் ஹால் சிகாகோவில் தொடங்கிய ஆலை அது. 2011-இல் ஆன்ஹைசர் புஷ் நிறுவனத்தின் கைக்குப் போனது. போர்பன் விஸ்கி ஊறிக் காலியான ஓக் பீப்பாய்களில் மாதக்கணக்கில் கிடந்து வரும் கரிய பீர் இது. ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சிறு கோப்பைகளில் ஊற்றி, நான்கு பேர் பகிர்ந்து, மெல்ல மெல்லக் குடிக்க வேண்டியது. ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாளான பிளாக் ஃப்ரைடே அன்று கடைகளுக்கு வரும். அடிப்படை வகை கொஞ்சம் தேடினால் கிடைத்துவிடும். போட்டியெல்லாம் அந்தந்த ஆண்டுக்கென்று தயாரிக்கும் சிறப்பு வகைகளுக்குத்தான். அவற்றிலும் ‘ப்ரொப்ரைட்டர்ஸ்’ என்ற வகை சிகாகோ வட்டாரத்துக்கு மட்டுமே உரியது. அதனால்தான் இங்குள்ள கடைக்காரர்களுக்கு இது இவ்வளவு பெரிய துருப்புச்சீட்டு.

ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால்தான் ஏமாற்று எங்கே நுழைகிறது என்பது புரியும். 1933-இல் மதுவிலக்கு நீங்கிய பிறகு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மது மூன்று கை மாறித்தான் நம்மிடம் வருகிறது: ஆலை, விநியோகஸ்தர், கடை. அரிய பீர் எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி என்பதை விநியோகஸ்தர் முடிவு செய்வார். அந்த ஆலையின் சாதாரண பீரை ஆண்டு முழுவதும் அதிகம் விற்ற கடைக்கு அதிகப் பெட்டி போவதுதான் வழக்கம். சிறிய கடைக்கு ஒரு பெட்டி கிடைத்தாலே பெரிது. ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு பாட்டில். நூறு பேர் கேட்கும் இடத்தில் பன்னிரண்டு பாட்டிலை யாருக்குக் கொடுப்பது என்ற சிக்கல் கடைக்காரருக்கு உண்மையிலேயே உண்டு. அதை நான் மறுக்கவில்லை. தொடர்ந்து வருகிற வாடிக்கையாளருக்கு முன்னுரிமை கொடுப்பதிலும் தவறில்லை.

ஆனால் இதைக் கவனியுங்கள். ‘இந்தச் சரக்கு வேண்டுமென்றால் அந்தச் சரக்கையும் எடு’ என்று ஆலையோ விநியோகஸ்தரோ கடைக்காரரைக் கட்டாயப்படுத்துவதை, 1935-ஆம் ஆண்டு மதுச் சட்டத்தின் கீழ் வந்த கூட்டாட்சி விதிகள் முறைகேடான வணிகத்தில் சேர்க்கின்றன. அந்த விதிகள் கடைக்காரரைப் பாதுகாக்கின்றன. கடைக்காரர் அதே வேலையை நம்மிடம் செய்யும்போது அவை துணைக்கு வருவதில்லை. நான் மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில்தான்.

அந்தக் கடையில் தொலைபேசி எண்ணைச் சொன்னால் போதும், செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு புள்ளி ஏறும். “நவம்பரில் புள்ளி அதிகம் உள்ள முதல் நாற்பது பேருக்குச் சிறப்பு வகைகளில் தலா ஒன்று” என்று மேலாளரே சொன்னார். வீட்டு விசேஷங்களுக்கு வேண்டிய ஒயின், நண்பர்கள் வந்தால் வைக்கிற விஸ்கி, வார இறுதி பீர் எல்லாம் அங்கேயே வாங்கினேன். பக்கத்துச் சாலையில் இருக்கும் பெரிய கடையில் இவற்றில் பல விலை குறைவு. அந்தக் கூடுதல் விலையை வாக்குறுதியின் பேரில் வாங்கிக்கொண்டார்கள் என்பதால்தான் இதை ஏமாற்று என்கிறேன்.

அக்டோபரில் மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. என் பெயர் பட்டியலில் இருப்பதாகவும், இடத்தை உறுதிசெய்ய 150 டாலர் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். பாட்டில்களோடு ‘நன்றிப் பெட்டி’ என்ற ஒன்றையும் எடுத்தாக வேண்டுமாம். அதில் கடையே தேர்ந்தெடுத்த அருமையான பீர்கள் இருக்கும் என்றார். எந்தெந்த பீர் என்று கேட்டதற்கு, திறந்து பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று பதில். ரசீதில் ‘பீர் முன்பதிவு’ என்ற இரண்டே சொற்கள்.

பிளாக் ஃப்ரைடே காலையில் கடை வாசலில் நல்ல குளிரில் வரிசை நின்றது. எனக்குப் பின்னால் மதுரையிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு தம்பி. அவரும் முன்பணம் கட்டியவர். என் முறை வந்ததும் பட்டியலில் பெயரைத் தேடிக் கோடு போட்ட பணியாளர், அடிப்படை வகையில் இரண்டு பாட்டிலையும் நாடா ஒட்டிய ஓர் அட்டைப் பெட்டியையும் மேசைமேல் வைத்தார். சிறப்பு வகைகள் எங்கே என்றேன். விநியோகஸ்தர் குறைத்து அனுப்பிவிட்டாராம்.

அவருக்குப் பின்னால் குளிரறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சிறப்பு வகைகளின் பெயர் அச்சிட்ட பெட்டிகள் தோளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மீதும் மஞ்சள் ஒட்டுத்தாள். அதில் பேனாவால் எழுதிய பெயர்கள். மேலாளரை அழைத்துக் கேட்டேன். “அவை எங்கள் பெரிய வாடிக்கையாளர்களுக்கு ஏற்கெனவே போய்விட்டவை” என்றார். சரி, என் புள்ளி எவ்வளவு, அவர்களுடைய புள்ளி எவ்வளவு, பெயரை மறைத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டுங்கள் என்றேன். “அது கடையின் உள்விவகாரம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். “அண்ணா, அப்படியென்றால் புள்ளி எதற்கு?” என்று அந்தத் தம்பி என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்குக் கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று மாலையே, இணையத்தில் அரிய பீர்களைக் கைமாற்றும் குழு ஒன்றில் அதே சிறப்பு வகை பாட்டிலின் படம் வந்தது, கடை விலையைப் போல நான்கு மடங்குக்கு. பாட்டிலின் கழுத்தில் அந்தக் கடை ஒட்டுகிற ஆரஞ்சு நிற விலைச்சீட்டு பாதி கிழிந்த நிலையில் அப்படியே இருந்தது. விற்றவர் கடைக்காரர் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு ஒதுக்கினார்களோ அவர்களில் ஒருவர் குடிப்பதற்காக வாங்கவில்லை என்பதற்கு அந்தச் சீட்டே சாட்சி. உரிமம் இல்லாமல் மது விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கும்வரை பின்வாசலில் பெட்டி போய்க்கொண்டேதான் இருக்கும்.

இனி அந்த நன்றிப் பெட்டி. எனக்கு அதிகம் கோபம் வந்தது இதில்தான். பாதிக்கு மேல் ஐபிஏ என்ற, கசப்பும் மணமும் தூக்கலான பீர் வகையின் டப்பாக்கள். ஒன்றைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தேன். கறுப்பு மையில் சிறிய எழுத்தில் அடைத்த தேதி: ஏப்ரல். கடைத் தட்டில் ஏழு மாதம் கிடந்திருக்கிறது. ஐபிஏவின் உயிர் ஹாப்ஸ் என்ற பூ தரும் மணம். மாம்பழம், ஆரஞ்சுத் தோல், பைன் பிசின் என்று மூக்கில் ஏறும் அந்த மணம் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். உள்ளே புகுந்த துளி ஆக்சிஜனும் வெப்பமும் மீதியைக் கெடுத்துவிடும். ஊற்றியபோது மஞ்சளாக இருக்க வேண்டிய பீர் மங்கிய பழுப்பில் இறங்கியது. மணத்துக்குப் பதில் ஈர அட்டையின் வாடை. கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலை, தன் ‘பிளைனி தி எல்டர்’ பாட்டிலின் மேலேயே, வைத்திருக்காதே, புதிதாகக் குடி என்ற பொருளில் திரும்பத் திரும்ப அச்சிட்டிருக்கிறது. ஆலைக்காரர் அத்தனை அக்கறையோடு செய்கிற ஒரு பொருளை, தேதி தெரிந்தே, நாடா ஒட்டிய பெட்டிக்குள் மறைத்து விற்பது அந்த உழைப்பையும் சேர்த்து அவமதிப்பது. உள்ளே என்ன என்று சொல்ல மறுத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

டப்பாக்களோடு திரும்பப் போனேன். பணத்தைத் தர முடியாது என்றார் மேலாளர். பதிலாக, “உங்கள் விசுவாசத்துக்காக” என்று சொல்லி உள்ளேயிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்தார். பழைய ஆண்டு போர்பன் கவுன்ட்டி, காபி சேர்த்த வகை. இன்று தேடினாலும் கிடைக்காது என்றார். வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். சீட்டில் 2015 என்று இருந்தது.

பீர் பிரியர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய ஆண்டு அது. 2015 நவம்பரில் வந்த காபி வகையிலும் பார்லிவைன் என்ற கடும் பீர் வகையிலும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா புகுந்து, பாட்டிலுக்குள்ளேயே பீர் புளிக்கத் தொடங்கிவிட்டது. உடலுக்குக் கேடில்லை, ஆனால் சுவை போய்விட்டது. 2016 ஜனவரியில் ஆலையே அதை வெளிப்படையாக அறிவித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த தயாரிப்பிலிருந்து பாஸ்டர் முறையில் சூடேற்றி அடைப்பதாகவும் சொன்னது. குறையை மறைக்காத அந்த நேர்மையை அப்போதே பலர் பாராட்டினார்கள். ஆலையே வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த பாட்டிலைத்தான், இத்தனை ஆண்டு கழித்து, வெகுமதி என்று என் கையில் வைத்தார்கள். விவரத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகத்தில் வியப்பு எதுவும் இல்லை. பாட்டிலை மீண்டும் உள்ளே எடுத்துப்போய்விட்டார். அடுத்து யாராவது அதை வாங்கக்கூடும். பழைய பாட்டில் வாங்குகிறவர்கள் சீட்டில் உள்ள ஆண்டைப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

நேர்மையாகச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். என் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி உள்ள ஒரு சிறிய கடையில், எந்த வகை எத்தனை பாட்டில் வந்திருக்கிறது என்று ஒரு வாரம் முன்பே வாசலில் ஒட்டிவிடுகிறார்கள். ஆளுக்கு ஒன்று. பெயர் கொடுத்தவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல். கிடைக்காவிட்டாலும் மனம் கசக்காமல் வீடு திரும்பலாம். டாஸ்மாக் போல அரசே மதுக்கடை நடத்துகிற பென்சில்வேனியாவில் அரிய விஸ்கிகளுக்குக் குலுக்கல் முறை இருக்கிறது. அரசு நடத்தினால் மட்டும் போதும் என்பதும் இல்லை. ஓரிகான் மாநிலத்தில் மது ஆணையத்தின் உயர் அதிகாரிகள் பாப்பி வான் விங்கிள் போன்ற அரிய போர்பன்களைத் தங்களுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டது உள்விசாரணையில் தெரியவந்து, 2023 பிப்ரவரியில் ஆணையத்தின் தலைமை இயக்குநர் பதவி விலக நேர்ந்தது. அவர்கள் விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனால் மக்கள் கண்ணில் படாமல் பாட்டில் போன வழிதான் தவறானது. கடை யாருடையதாக இருந்தாலும் விதி வெளியே ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அதனால் புள்ளித் திட்டத்தில் சேருவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை புள்ளிக்கு எந்தப் பொருள், கிடைக்காவிட்டால் முன்பணம் எப்போது திரும்பும், கூடவே எதையாவது எடுத்தாக வேண்டுமா. மின்னஞ்சலில் இரண்டு வரி போதும். எழுதித் தர மறுத்தால் அங்கே புள்ளி சேர்ப்பதில் பயனில்லை. விலை குறைவான இடத்தில் வாங்குங்கள். மூடிய பெட்டியை எக்காரணத்தைக் கொண்டும் ஏற்காதீர்கள். ஐபிஏ என்றால் டப்பாவின் அடியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆனதை நான் தொடுவதில்லை. பீப்பாயில் ஊறிய ஸ்டவுட்டுகள் சில ஆண்டுகள் தாங்கும், அவற்றுக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.

முன்பணத்தை ரொக்கமாகக் கேட்டால் அப்போதே விலகிவிடுங்கள். நான் கடன் அட்டையில் கட்டியிருந்ததால், சொன்ன பொருள் தரப்படவில்லை என்று அட்டை நிறுவனத்துக்கு எழுத முடிந்தது. பணம் பிடித்த கணக்குத்தாள் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம்; அதைத் தாண்டவிடாதீர்கள். இல்லினாய் மாநிலத்தில் அந்தந்த ஊரின் மேயரோ கிராமத் தலைவரோதான் உள்ளூர் மது ஆணையர். கடையின் உரிமம் அவர் கையில் இருக்கிறது. நம்மவர்களில் பலருக்கு இது தெரியாததால் நேராக மாநில அலுவலகத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஊர் அலுவலகத்துக்கு ஒரு பிரதி, மாநிலத் தலைமை வழக்கறிஞரின் நுகர்வோர் பிரிவுக்கு ஒரு பிரதி என்று இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள். என் புகாரோடு ரசீது, டப்பாவின் தேதி தெரியும் படம், விலைச்சீட்டு தெரியும் அந்தப் படம் மூன்றையும் இணைத்தேன். மதுரைத் தம்பியும் தனியாக ஒரு புகார் கொடுத்திருக்கிறார்.

முன்பணம் 150 டாலரும் அட்டைக் கணக்கில் தற்காலிகமாகத் திரும்பியிருக்கிறது. கடையின் பதிலுக்குப் பிறகே இறுதி முடிவு. சேர்த்த புள்ளிகள் கணக்கில் அப்படியே இருக்கின்றன. அவற்றை வைத்து எதுவும் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. இதே வட்டாரத்தில் இதே பிளாக் ஃப்ரைடேக்கு ‘பீர் முன்பதிவு’ என்று மட்டும் எழுதிய ரசீது யாரிடமாவது இருந்தால், அதைக் கிழித்துப் போடாமல் உங்கள் ஊர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.