வேங்கை என்று வந்த நிலவு: சேலத்தில் மரம் வாங்குவோர் கவனத்துக்கு

சேலத்துக் கடை ஒன்றில் ‘வைரம் பாய்ந்த வேங்கை’ என்று சொல்லிக் கொடுத்த தலைவாசல் நிலவு (கதவு மாட்டும் மரச்சட்டம்), அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டில் வந்து இறங்கியது. தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கனத்தை நம்பித்தான் வீட்டுக்காரர் முழுப் பணமும் கொடுத்திருக்கிறார். வந்தது, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக். கனம் ஈரத்தால் வந்தது, சிவப்பு சாயத்தால் வந்தது.

ஆசாரி செய்த சோதனையை யாரும் செய்யலாம். நிலவோடு வந்த மிச்சத் துண்டில், முனை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் உள்தள்ளி, ஒரு அங்குல வில்லை அறுத்தார். நாலரைக்கு மூன்றரை அங்குல வில்லை. எடை 226 கிராம். மின்சார ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, எடை இறங்குவது நிற்கும் வரை காயவைத்ததில் 157 கிராம். அதாவது காய்ந்த எடையைப் போல ஈரம் 44 சதவீதம். வேங்கையாக இருந்தால் காய்ந்த பிறகும் 200 கிராம் பக்கம் நின்றிருக்கும். காய்ந்த வேங்கை கன அடிக்கு 22 கிலோ வரும், தேக்கு 19 வரும். ஆச்சா மட்டும் 30 கிலோவைத் தொடும், தண்ணீரில் போட்டால் மூழ்கும்.

இந்த ஈரத்தோடு சுவரில் வைத்துப் பூசியிருந்தால் சித்திரை வெயிலில் கட்டை சுருங்கி, கழுந்து (மூட்டில் செருகும் முனை) தளர்ந்து, சுவருக்கும் நிலவுக்கும் நடுவே இடைவெளி விழும். நடுத்தண்டு (மரத்தின் மையக் குருத்து) உள்ள கட்டையானால் நீளத்துக்கு வெடிக்கும். வெளிறு (வைரத்துக்கு வெளியே உள்ள மென்மரம்) சேர்ந்திருந்தால் வண்டு துளைத்து மாவு கொட்டும்.

சாயத்தை இழைப்புளி காட்டிக்கொடுத்தது. இரண்டு சீவல் எடுத்ததும் உள்ளே வெளிர்நிறம், செதில் செதிலாக மின்னும் பூ வரி. வேங்கைச் சீவலைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில், கறுப்புத் துணிக்கு முன் பிடித்தால் தண்ணீர் நீலமாக ஒளிரும். ஒளிராவிட்டால் வேங்கை இல்லை. ஒளிர்ந்தாலும் முழுசாக நம்பவேண்டாம், அதன் உறவு மரங்கள் சிலவும் ஒளிரும்.

அளவிலும் அடி. ஏழுக்கு நாலு அடி நிலவு, நாலு பக்கமும் கட்டை, ஓட்டம் 22 அடி. கட்டை ஐந்துக்கு நாலு அங்குலம் என்று 3.06 கன அடிக்குப் பணம். வந்தது நாலரைக்கு மூன்றரை, 2.41 கன அடி. இழைப்பில் கால் அங்குலம் போவது நியாயம், அரை அங்குலம் போகாது.

முனையில் பெயின்ட் அடிப்பது வெடிப்பைத் தடுக்கத்தான், அதில் தப்பில்லை. ஆனால் அதற்கடியில்தான் வெளிறும் நடுத்தண்டும் ஒளிந்திருக்கும். அட்வான்ஸுக்கு முன்னால் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த வீட்டுக்காரர் பில்லில் ‘நிலவு 1’ என்று மட்டும் இருக்கிறது. மரத்தின் பெயர், கன அடி, இழைத்த பின் அளவு மூன்றையும் எழுதி வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை அந்த வில்லையையும் எறியாமல் வைத்திருங்கள்.