‘அப்பீல் போட்டாச்சுங்க’ என்று சொன்னால் நம்பரைக் கேளுங்கள்

திருப்பூர் கோர்ட்டுப் பக்கம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பீல் போடுகிறேன் என்று பணம் வாங்கி எங்களை ஏமாற்றிய ஆளின் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே என் மேல் கேஸ் போடுவார், அதற்கு மட்டும் கோர்ட்டில் வழக்கு நம்பர் உடனே ஆகிவிடும்.

என் சித்தி மகன் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தான். 2018-இல் ஸ்டாக் எடுத்தபோது நூல் மூட்டை குறைந்தது. போலீஸ், ஜாமீன், அப்புறம் ஐந்து வருஷம் வாய்தா. 2023 மார்ச்சில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தீர்ப்பு: அப்போது இருந்த இந்திய தண்டனைச் சட்டம் (2024 ஜூலையில் அதற்குப் பதில் புதுச் சட்டம் வந்துவிட்டது) 381-இன் கீழ் ஒரு வருஷம் கடுங்காவல், 5,000 ரூபாய் அபராதம். வேலைக்கு இருப்பவன் முதலாளி பொருளை எடுத்தால் வரும் பிரிவு அது. சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருஷம் வரை என்றால் இதற்கு ஏழு வருஷம் வரை கொடுக்கலாம் என்று இருந்தது. அவன் எடுத்தானா என்று கேட்பீர்கள். இரண்டு மூட்டை கைமாறியது எனக்குத் தெரியும். பதினொன்று என்று எழுதியதுதான் பொய்.

தண்டனை மூன்று வருஷத்துக்கு மேல் போகாமல், ஆளும் ஏற்கெனவே ஜாமீனில் இருந்தால், அப்பீல் போகிறேன் என்று சொன்னதும் தண்டித்த கோர்ட்டே கொஞ்ச நாளைக்குத் தண்டனையை நிறுத்தி வைக்கும். எங்களுக்கு முப்பது நாள் கிடைத்தது. செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் தாக்கல் செய்யவும் கெடு முப்பது நாள்தான். அங்கே தாக்கல் செய்து, அங்கே தனியாக இன்னொரு நிறுத்தி வைப்பு உத்தரவு வாங்க வேண்டும். கோட்டை விட்டது இந்த இடத்தில்தான்.

கேஸ் நடத்திய வக்கீலுக்கு ஏற்கெனவே பாக்கி இருந்ததால் அவர் முகம் கொடுக்கவில்லை. கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், கையில் ஃபைல் கட்டோடு ஒருவர். பெரிய வக்கீல் ஆபீஸில் இருப்பதாகச் சொன்னார். “ஏனுங்கம்மா பயப்படறீங்க, நான் பாத்துக்கறனுங்க” என்றதில் சித்தி விழுந்துவிட்டார். வக்கீலை நியமிக்கும் வக்காலத்துப் படிவத்தில் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார், வக்கீல் பெயர் எழுதும் இடம் காலியாகவே இருந்தது. மொத்தம் 35,000 ரூபாய், மூன்று தவணை, எல்லாம் ரொக்கம், ரசீது கிடையாது. சித்தியின் கறவை மாடு அதில்தான் போனது. அதில் 2,000 ‘தீர்ப்பு நகல் செலவு’. சிறைத் தண்டனை கொடுத்தால் தீர்ப்பு நகலை அப்போதே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுத்தும் இருந்தார்கள், தம்பியின் பையிலேயே இருந்தது!

ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். ‘ஸ்டே வாங்கியாச்சுங்க.’ இங்கிலீஷில் கோர்ட் சீல் போட்ட உத்தரவு. வீடே நிம்மதியாகத் தூங்கியது. அது மாஜிஸ்திரேட் கோர்ட் முதலிலேயே கொடுத்த அந்த முப்பது நாள் உத்தரவு. எந்தத் தேதி வரை என்று அதிலேயே இருந்தது. பன்னிரண்டாவது வரை இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நானும் சீலைப் பார்த்தேனே தவிர தேதியைப் பார்க்கவில்லை. நம்பர் கேட்டதற்கு, “மே மாசம் லீவுங்க, ஜூன்ல ஆயிரும்” என்றார்.

மே கடைசியில் விடிகாலை பிடிவாரண்டோடு போலீஸ் வந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து போனில் கோர்ட் வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் செயலியை இறக்கி, தம்பி பெயரைப் போட்டுத் தேடினேன். செஷன்ஸ் கோர்ட்டில் அப்படி ஒரு அப்பீலே இல்லை. இரண்டு நிமிஷ வேலை. தாக்கலாகி நம்பர் ஆன வழக்கு என்றால் எழுத்தும் எண்ணும் கலந்து பதினாறு இடம் வரும் சி.என்.ஆர். என்ற வழக்கு எண் இருக்கும், அதைப் போட்டால் வாய்தா தேதி வரை வந்துவிடும்.

தம்பி கோவை மத்திய சிறையில் பத்தொன்பது நாள் இருந்தான். ஜெயில் கண்காணிப்பாளர் வழியாகவே அப்பீல் அனுப்பலாம், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100-க்குக் கூப்பிட்டால் சட்ட உதவி மையம் வழி சொல்லும் என்பதெல்லாம் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மாடு போன பிறகு என்றும் சொல்லலாம்.

அப்புறம் வந்த வக்கீலம்மா தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனு, தண்டனையை நிறுத்தி வைக்க ஒரு மனு, இரண்டையும் அப்பீலோடு சேர்த்துப் போட்டார். எங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: “இதுக்கு முன்னாடி ஏதாவது கேஸ் இருக்குங்களா?” எதுவும் இல்லை. 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தில் 381-க்கும் இடமுண்டு, முதல் தப்பு என்றால் ஜெயிலுக்குப் பதில் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடச் சொல்லலாம், அப்பீல் கோர்ட்டும் அதைச் செய்யலாம் என்றார். ஐந்து வருஷத்தில் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கடைசியில் அப்படித்தான் முடிந்தது: திருடியது உறுதி, ஜெயில் இல்லை. அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை.

பணம் வரவில்லை. போலீஸில் ரசீது கேட்டார்கள். பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம் என்றால் அந்த ஆள் வக்கீலே இல்லை, எப்போதோ ஒரு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவராம்.

போன வாரம் அதே டீக்கடையில் அவரைப் பார்த்தேன். எதிரே தாராபுரம் பக்கத்து வயசான தம்பதி, மடியில் மஞ்சப்பை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, “என்னுங்க, எங்க அப்பீலுக்கு நம்பர் ஆச்சுங்களா?” என்று சத்தமாகக் கேட்டேன். அவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். பெரியவர் என்னைப் பார்த்து, “அதென்ன நம்பருங்க தம்பி?” என்றார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் சி.என்.ஆர். என்று எழுதி, அதன் கீழே 15100 என்றும் எழுதிக் கொடுத்தேன்.