வின்ரர் ரயரும் அணையாத மஞ்சள் லைற்றும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஒன்ராறியோவின் நாட்டுப்புறத்தில் ஹைவே 10-ஓரம் இருக்கிற டன்டாக் பக்கம் குடிபோகிற நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், என்ர வாகனம் ஓல் வீல் டிரைவ். பிறகு என்னத்துக்கு வின்ரர் ரயர்?" ஹைவே 10-இல் இருந்து உள்ளே இறங்குகிற கிரவல் றோட்டுக் கரையில் சில வருடங்களாகக் குடியிருக்கிறவன் என்ற முறையில் என்னைக் கேட்டிருக்கிறான். போனில் சொன்னது காணாது போல, ஆகவே எழுதுகிறேன்.

ஓல் வீல் டிரைவ் வாகனத்தைக் கிளப்பத்தான் உதவும். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும், டிரைவ்வேயில் புதையாமல் வெளியே வரலாம். ஆனால் பிரேக் எந்த வாகனத்துக்கும் நாலு சில்லிலும்தான். நிற்பதற்கு அது ஒரு சதமும் கூடுதலாகத் தராது. ஸ்காபரோவில் இந்த வித்தியாசம் தெரியாது. விடிவதற்குள் உப்புப் போட்டு, பனி தள்ளி, தார் றோட்டுத் தெரிந்துவிடும்.

இங்கே கதை வேறு. கிரவல் றோட்டுக்கு உப்புப் போட்டால் பனி உருகி றோட்டே சேறாகிவிடும் என்பதால் மணல்தான் தூவுவார்கள். அது அடுத்த காற்றோடு பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். எங்கள் றோட்டு பெரிய றோட்டோடு சேருகிற இடம் சின்ன இறக்கம். வருகிற வாகனமெல்லாம் ஸ்ரொப் சைனுக்கு முன்னால் பிரேக் பிடித்துப் பிடித்தே, அந்தக் கொஞ்ச நீளப் பனியைத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருக்கும். வாகனத்தோடு வருகிற சாதாரண ஓல் சீசன் ரயர் பழசாகி, அதோடு அந்த இடத்தில் பிரேக்கை அழுத்தினால் காலுக்குக் கீழே கடகடவென்று ஏபிஎஸ் (சில்லு இறுகி வழுக்காமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற ஏற்பாடு) அடிக்கும், வாகனம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். எதிரே குறுக்கு றோட்டில் பால் லொறி. வின்ரர் ரயர் போட்ட பிறகும் அதே கடகடதான், ஆனால் சைனுக்கு முன்னாலேயே நிற்கும். எனக்கு இந்த ஒரு இடம் போதும்.

காரணமும் பெரிய மந்திரமில்லை. கிட்டத்தட்ட 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் ஓல் சீசன் ரயரின் றப்பர் இறுகத் தொடங்கிவிடும். வின்ரர் ரயரின் றப்பர் கலவை −25-இலும் மெத்தென்று இருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். அதோடு ரயர் றோட்டில் படுகிற பக்கத்துத் தடக் கட்டைகளில் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் விரிந்து பனியைக் கவ்வும்.

நாலும் போடவேண்டும். காசு மிச்சம் பிடிக்க முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டால், வளைவில் பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு வரும்.

ரயர் செய்யாத வேலைகளும் உண்டு. ஜோர்ஜியன் குடாவில் இருந்தும் ஹியூரன் ஏரியில் இருந்தும் காற்று பனியை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும்போது பொனற்றின் முனைகூடத் தெரியாது. பொலிஸ் ஹைவே 10-ஐ மூடுவது அந்த நேரங்களில்தான். றோட்டை மூடினால் வீட்டில் இருங்கோ, ரயரை நம்பிப் பின்றோட்டால் சுத்தப் போகாதேங்கோ. உறைமழை பெய்து றோட்டு முழுக்க ஐஸ் படிந்தாலும் இதன் பருப்பு அவ்வளவாக வேகாது. அதற்கு ஆணி வைத்த ரயர் வேண்டும், அதை வட ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்குத்தான் அனுமதித்திருக்கிறார்கள்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

டாஷ்போர்ட்டில் குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டமாதிரி மஞ்சளாய் ஒரு லைற் எரியுமே, ரயர் காற்று லைற், அதுதான். வின்ரர் ரயருக்குத் தனி ரிம் போட்டால் (போடத்தான் வேண்டும், வருடத்தில் இரண்டு தரம் ரிம்மில் இருந்து கழற்றிப் பூட்டினால் ரயரின் ஓரம் கெட்டுப்போகும்) பல வாகனங்களில் அந்த ரிம்முக்குள் காற்றை அளக்கத் தனிச் சென்சர் வேண்டும். இல்லையென்றால் நவம்பரில் ஏறுகிற லைற் ஏப்ரலில்தான் அணையும். நானும் நாலு சென்சர் காசு கொடுத்துப் போட்டேன். முதல் குளிருக்கு நல்ல பிள்ளை. அடுத்த வருடத்தில் இருந்து ஒன்று, குளிர் −15-ஐத் தாண்டினால் பேசாது. பூட்டிய கடையில் கேட்டால், "சென்சர் சரி, வாகனத்தின்ர கொம்பியூற்றர்தான் பிழை, டீலரிட்டப் போங்கோ" என்கிறார்கள். டீலரிடம் போனால், "இது எங்கட சென்சர் இல்லையே" என்று சிரிக்கிறார்கள். பார்த்ததற்கு மட்டும் பில் வந்தது.

லைற்தானே, மஞ்சள் ரேப் ஒட்டிவிட்டு ஓடு என்பார்கள். விஷயம் அப்படியில்லை. வெப்பநிலை 5, 6 பாகை இறங்க இறங்க ரயர் காற்று கிட்டத்தட்ட 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தம் அளக்கிற அலகு) குறையும். ஒக்டோபர் வெயிலில் 33 வைத்தது ஜனவரிக் காலையில் 27-இல் நிற்கும். உண்மையில் காற்று வேண்டிய மாதங்களிலேயே அந்த லைற் பொய் சொல்லிக்கொண்டு எரிகிறது. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் கையுறையைக் கழற்றி, விறைத்த விரலோடு வால்வு மூடியைத் திருகிக் காற்றளவு பார்க்கிறேன். 2020-களின் வாகனத்தில் என் அப்பா சைக்கிளுக்குப் பார்த்த வேலை.

மாற்றுகிற கூத்து இன்னொன்று. முதல் பனி விழுந்த மறுநாள் முழு ஊரும் கராஜுக்குப் போன் அடிக்கும், மூன்று கிழமைக்கு இடமில்லை. வசந்தத்தில் கழற்றப் போனால் உப்பில் துருப்பிடித்த ரிம் அச்சோடு ஒட்டிப்போய், மெக்கானிக் காலால் உதைத்துத்தான் எடுப்பார். பூட்டி 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளைத் திரும்ப இறுக்க வரச் சொல்வார்கள், அதற்கு வேறு ஒரு ஓட்டம்.

வின்ரர் ரயர் போட்டால் இன்சூரன்ஸ் கட்டணத்தில் கழிவு உண்டு. 2016-இல் இருந்து ஒன்ராறியோவில் கொம்பனிகள் கொடுத்தே ஆகவேண்டும். என்னுடைய கழிவு இரண்டு தரம் மாற்றுகிற கூலிக்குக் கிட்டவும் வராது. ரயர்க் காசில் பாதியைக் கழிவே தந்துவிடும் என்று சொல்கிறவரை நம்பாதேங்கோ. உருப்படியான மிச்சம் வேண்டுமென்றால் 18 அங்குல ரிம்முக்குப் பதில் உங்கள் வாகனம் ஏற்கிற 17 எடுங்கோ. ரயர் மலிவு, குழியில் விழுந்தாலும் தாங்கும்.

வின்ரர் ரயரில் இருக்கிற, மலையும் பனித்துகளும் பொறித்த அடையாளம் இப்போது ஓல் வெதர் ரயரிலும் (ஓல் சீசன் இல்லை, வருடம் முழுக்க ஓட பனிக்கும் சேர்த்துச் செய்த வேறு வகை) வருகிறது, கழற்றிப் பூட்டும் வேலையே இல்லை. அந்த அடையாளத்துக்கான சோதனை பனியில் வாகனம் எவ்வளவு பிடித்து முன்னே நகர்கிறது என்பதைத்தான் அளக்கிறது. ஐசில் பிரேக் பிடிப்பதை அளப்பதில்லை. எங்கள் ஸ்ரொப் சைனில் எனக்கு வேண்டியதோ அந்தப் பிரேக்தான்.

இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன்: வருகிற வருடம் நான் ஓல் வெதருக்கு மாறுகிறேன். அந்த லைற்றோடு இன்னொரு குளிர்காலம் குடித்தனம் நடத்த எனக்குப் பொறுமையில்லை. இறக்கத்தில் இன்னும் மெதுவாக வருவேன், அவ்வளவுதான்.

நீ வின்ரர் ரயரே போடு மச்சான். உனக்கு இது முதல் குளிர், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாகனத்தில். என்னுடைய வின்ரர் ரயரில் தடத்தின் ஆழம் இன்னும் 6 மில்லிமீற்றருக்கு மேலே இருக்கிறது, 4-க்கு இறங்கும்வரை பயமில்லாமல் ஓடலாம். உன் வாகனத்துக்கு ரிம் பொருந்தினால் வந்து ஏற்றிக்கொண்டு போ. சென்சரும் சேர்த்துத்தான் தருவேன், அதைப் பற்றி மட்டும் எனக்குப் போன் எடுக்காதே.